மாமா கடை சர்வரும் ஃபெஞ்சல் ராத்திரியும்

"ரெய்டு போட்டாச்சு மாமா. இனிமே ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தாக்கூட உங்க ஃபோட்டோ ஒண்ணும் போகாது."

2024 மே மாச லீவுல நான் அடிச்ச டயலாக் இது. மாமான்னா அம்மாவோட தம்பி. திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி, எல்லாம் எடுப்பார். பத்து வருஷ ஃபோட்டோவும் ஆறேழு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல சிதறிக் கிடந்தது. எந்த டிஸ்க்ல எந்தக் கல்யாணம்னு ஒரு டைரியில எழுதி வச்சிருந்தார். அதுல ரெண்டு டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட ஆரம்பிச்சிருந்தது. நான் அப்போதான் ரெண்டாவது வருஷம் முடிச்சிருந்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நல்ல மார்க். அந்த மாதிரி மார்க் ஒரு மனுஷனை என்னவெல்லாம் பண்ண வைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கடையில சும்மா கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பை எடுத்தேன். மூணு புது 4 டிபி டிஸ்க் வாங்க வச்சேன். டெபியன் 12 போட்டு, எம்டிஏடிஎம் வச்சு சாஃப்ட்வேர் ரெய்டு கட்டினேன். ஓஎஸ் இருக்கிற சின்ன பார்ட்டிஷன் மூணு டிஸ்க்லயும் ஒரே காப்பியா ரெய்டு 1. ஃபோட்டோ வைக்கிற பெரிய இடம் ரெய்டு 5. எடிட் பண்ற விண்டோஸ் மெஷின்ல இருந்து சாம்பா வழியா அது ஒரு டிரைவ் மாதிரி தெரியும். மாமா அதுக்கு 'பெரிய பொட்டி'ன்னு பேர் வச்சார்.

ரெய்டு 5ன்னா என்னன்னு சிவில், மெக் மக்களுக்கு ஒரே நிமிஷத்துல சொல்லிடறேன். ஒரு டிஸ்க்ல 5ன்னு எழுதறோம், அடுத்ததுல 7ன்னு எழுதறோம், மூணாவதுல அந்த ரெண்டோட கூட்டல் 12ஐ எழுதறோம். 7 வச்சிருந்த டிஸ்க் செத்துப்போச்சுன்னா 12ல இருந்து 5 போனா 7ன்னு கண்டுபிடிச்சிடலாம். உண்மையில கூட்டல் இல்ல, எக்ஸ்ஆர். கூட்டல் எழுதற வேலையும் ஒரே டிஸ்க்ல இருக்காது, மாறி மாறி சுத்தும். ஆனா விஷயம் அவ்வளவுதான். 1988ல பெர்க்லி யுனிவர்சிட்டியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் எழுதின பேப்பர்ல இருந்துதான் ரெய்டுங்கிற பேரே வந்தது. விலை குறைஞ்ச டிஸ்க்கை நிறைய சேர்த்து, ஒண்ணு செத்தாலும் தாங்கற மாதிரி பண்ணலாம்னு சொன்னாங்க. டிஸ்க் சாகறதைப் பத்தின யோசனை அது. கரண்ட் பாதியில போறது வேற கதை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போ உறைக்கல.

இப்போ 2024 நவம்பர் 30, சனிக்கிழமை.

ஃபெஞ்சல் அன்னிக்கு ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்துட்டுப் போயிருந்தா பரவாயில்ல, அங்கேயே உக்காந்துடுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நம்ம மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யறதே ஏறக்குறைய 100 சென்டிமீட்டர்தான், அதுல பாதி ஒரே நாள்ல. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற பாதிப் பேருக்கு அந்த ராத்திரியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதே இல்ல. வீட்டுக்குள்ள கட்டில் மேல உக்காந்திருந்தவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க.

மாமா அன்னிக்கு மழையில வீட்டுக்குப் போக முடியாம கடையிலயே இருந்தார். சாயங்காலமே கரண்ட் போயிடுச்சு, இன்வெர்ட்டர்ல ஓடிட்டிருந்தது. அவர் கையில ஒரு அவசர வேலை. மயிலம் பக்கத்து கிராமத்துல ஒரு பெரியவர் நவம்பர் 21ஆம் தேதி இறந்திருந்தார். 16ஆம் நாள் கருமாதி டிசம்பர் 6. ஃப்ரேம் போட ஒரு பெரிய படம் வேணும். அந்தப் பெரியவருக்கு ஃபோட்டோவுக்கு நிக்கவே பிடிக்காதாம். ஆதார் கார்டுல இருக்கிற முகம் அவர் முகமே இல்லன்னு பையன் சொன்னாராம். செப்டம்பர்ல அவங்க வீட்டுக் காதுகுத்துக்கு மாமாதான் ஃபோட்டோகிராஃபர். பேத்தி அழறதைப் பாத்து பெரியவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒண்ணு அதுல இருந்தது. அதைத்தான் பையன் கேட்டார். கேமரா கார்டை எப்பவோ ஃபார்மட் பண்ணி அடுத்த ஃபங்ஷனுக்குப் போட்டாச்சு. படம் இருந்த ஒரே இடம் பெரிய பொட்டி.

மாமா பின்னாடி இருந்த ஆளுங்களை எடுத்துட்டு, சட்டை காலரைச் சரி பண்ணி, சேவ் கொடுத்தார். சேவ் ஆனதைக் கண்ணால பாத்தார். இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சது. அடுத்த சில நொடியில மொத்தமா இருட்டு.

ஞாயித்துக்கிழமை முழுக்க ஃபோன் லைன் கிடைக்கல. திங்கள்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டினதால சென்னை ரூட் ரயிலையெல்லாம் நிறுத்திட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில மாமா தெருவுக்கு கரண்ட் வந்தது. எனக்கு வாட்ஸாப்ல ஒரு ஃபோட்டோ வந்தது. கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. ஃபோட்டோகிராஃபர் இல்லையா, ஃப்ரேமிங் எல்லாம் பக்காவா இருந்தது. 'யூ ஆர் இன் எமர்ஜென்சி மோட்.'

கீழ ஒரு வரி: "மாப்ள, இது என்னடா ஹாஸ்பிடல் மாதிரி சொல்லுது?"

விழுப்புரத்துல இருந்து பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல் இல்ல, ஏரிதான். ஜன்னல் ஓரத்துல உக்காந்து, என்ன ஆகியிருக்கும்னு எனக்கு நானே தைரியம் சொல்லிட்டே போனேன். ரெய்டு இருக்கு. ஒரு டிஸ்க் போயிருந்தாலும் சமாளிக்கும்.

கடையில போய் லாக் எடுத்துப் பார்த்தா, அந்த வரி இருந்தது. 'கேனாட் ஸ்டார்ட் டர்ட்டி டிகிரேடட் அரே.'

இந்த நாலஞ்சு வார்த்தைதான் இந்தக் கட்டுரையே. டிகிரேடட்னா மூணு டிஸ்க்ல ஒண்ணு ஏற்கெனவே கூட்டணியில இல்ல. டர்ட்டின்னா எழுதிட்டிருக்கும்போதே நின்னுபோச்சு. ரெண்டுல ஏதாவது ஒண்ணு மட்டும்னா லினக்ஸ் தானா சமாளிச்சிடும். ரெண்டும் சேர்ந்தா 'நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்'னு சொல்லிடும். ஏன்னு அந்த 5, 7, 12ஐ வச்சே சொல்லலாம். 7 இருந்த டிஸ்க் இல்ல. இப்போ 5ஐ 6ஆ மாத்தறோம், அதோட 12ஐயும் 13ஆ மாத்தணும். 6ன்னு எழுதியாச்சு, 13 எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சு. இப்போ கணக்குப் போட்டா 12ல இருந்து 6 போக 6. இல்லாத டிஸ்க்ல இருந்தது 7. நாம தொடவே தொடாத ஒரு எண், நம்ம கண்ணுக்கே தெரியாம மாறிப்போச்சு. இதை 'ரைட் ஹோல்'னு சொல்வாங்க. தப்பான படத்தைச் சரியான படம்னு நீட்டறதை விட, நின்னுடறது மேல்னு கெர்னல் எழுதினவங்க முடிவு பண்ணியிருக்காங்க. அந்த நேரத்துல எனக்கு அவங்க மேல கோவம்தான் வந்தது.

"டேய், அந்தப் படம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"இருக்கும் மாமா."

"இருக்கும்னா?"

விழுப்புரத்துல ஜிஎன்யூ லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு இருக்கு, நம்மில் சில பேர் போயிருப்பீங்க. அங்க பழக்கமான ஒரு அண்ணனுக்கு ஃபோன் பண்ணேன். நான் பதட்டத்துல 'ஃபோர்ஸ் போட்டு ஏத்திடட்டுமாண்ணா'ன்னு கேட்டதும் அவர் அதட்டினார். "முதல்ல கையை எடு தம்பி. ஒவ்வொரு டிஸ்க்கா எக்சாமின் பண்ணி எனக்குப் படி."

எம்டிஏடிஎம்ல எக்சாமின் கொடுத்தா ஒவ்வொரு டிஸ்க்கும் தன் கதையைச் சொல்லும். அரேயில ஒரு மாற்றம் நடக்கும்போதெல்லாம் 'ஈவென்ட்ஸ்'னு ஒரு எண் ஏறும், கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு நேரமும் இருக்கும். ரெண்டு டிஸ்க்ல எண் ஒண்ணா இருந்தது, நேரம் நவம்பர் 30 ராத்திரி. மூணாவது டிஸ்க் சிஸ்டத்துலயே தெரியல. மூடியைத் திறந்தா சாட்டா கேபிள் லூசா தொங்குது. மாட்டிட்டு எக்சாமின் பண்ணேன். அதோட கடைசி நேரம் அக்டோபர் 10.

மாமாகிட்ட கேட்டேன், அக்டோபர் 10 என்ன பண்ணீங்கன்னு. அவர் யோசிச்சார். அப்புறம் சிபியு மேல பாத்தார். சந்தனம், குங்குமம் காய்ஞ்சு ஒட்டிட்டு இருந்தது. மறுநாள் 11ஆம் தேதி ஆயுத பூஜை. கடை முழுக்கக் கழுவி, பொட்டியைத் தூக்கி, தொடைச்சு, பொட்டு வச்சு திரும்ப வச்சிருக்கார். அந்த நகத்தல்ல கேபிள் கழண்டிருக்கு. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட அம்பது நாள் பெரிய பொட்டி ரெண்டு கால்ல நின்னிருக்கு.

எங்களுக்கு ஏன் தெரியல? பொட்டி சொல்லியிருக்கு. எம்டிஏடிஎம் இந்த மாதிரி ஆனா மெயில் அனுப்பும். எந்த அட்ரஸுக்குன்னு கான்ஃபிக் ஃபைல்ல கொடுக்கணும், நான் கொடுக்கல. அதனால அந்த மெஷினோட ரூட் யூசருக்கே மெயில் போயிருக்கு. அந்த மெயில்பாக்ஸைத் திறந்தா நாற்பது சொச்சம் லெட்டர், எல்லாத்துலயும் ஒரே சப்ஜெக்ட், டிகிரேடட் அரே ஈவென்ட். தனக்குத்தானே லெட்டர் எழுதிட்டு இருந்திருக்கு பாவம்.

எக்சாமின் பண்ணதுல நல்ல செய்தி, மிச்ச ரெண்டு டிஸ்க்கும் ஒரே ஈவென்ட்ஸ் எண்ல இருந்ததுதான். அண்ணன் சொன்னபடி பக்கத்துக் கடையில ஒரு 4 டிபி எக்ஸ்டர்னல் வாங்கினோம். அப்புறம் அந்த ரெண்டை மட்டும் வச்சு ஃபோர்ஸ் கொடுத்து அசெம்பிள் பண்ணேன். மவுன்ட் பண்ணும்போது ரீட் ஒன்லி மட்டும் பத்தாது, 'நோலோட்' ஆப்ஷனும் கொடுக்கச் சொன்னார். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லியா ஏத்தினாக்கூட ஜர்னலைப் படிச்சு டிஸ்க்ல திருத்தம் பண்ணும், அது வேண்டாம், முதல்ல இருக்கறதை இருக்கறபடி காப்பி எடுன்னார். என் ஓஎஸ் மார்க் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தரல.

ஃபோல்டர் திறந்தது. காதுகுத்து. பெரியவரோட எடிட் பண்ண ஃபைல் இருந்தது, சைஸ் பூஜ்யம்.

மாமா அதையே பாத்துட்டு இருந்தார். "சேவ் பண்ணேன்டா. நானே பார்த்தேன்."

கேமரா எடுத்த ஒரிஜினலைத் திறந்தேன். திறக்க சில நொடி ஆச்சு, அதுல எனக்கு வியர்த்துடுச்சு. பேத்தி அழறா, பெரியவர் சிரிக்கிறார். முழுசா இருந்தது. அதே ஃபங்ஷன்ல வேற ரெண்டு படம் பாதிக்குக் கீழ சாம்பல் கலராப் போயிருந்தது. அதுல பெரியவர் இல்ல, பந்தியில சாப்பிடறவங்க. வேற சமயம்னா மாமா என்னைத் திட்டியிருப்பார். அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, அந்தக் காலரை மறுபடி முதல்ல இருந்து சரி பண்ண ஆரம்பிச்சார்.

அவர் எடிட் பண்ணிட்டு இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "சேவ்னா எழுதறதுதானே? அப்புறம் எப்படிடா பூஜ்யம்?"

நான் இங்கிலீஷ் மீடியம். டர்ட்டி பேஜ், ரைட்பேக், ஃப்ளஷ் எல்லாம் எக்ஸாம்ல இங்கிலீஷ்ல எழுதிட்டு வந்துடுவேன். மாமாவுக்குத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சதும்தான் எனக்கே பாதி புரியலைன்னு தெரிஞ்சது. 'அழுக்குப் பக்கம்'னு ஆரம்பிச்சேன். அவர் சிரிச்சிட்டார். அப்புறம் சுத்தி வளைச்சுச் சொன்னேன். நீங்க சேவ் கொடுக்கும்போது அது ரேம்லதான் எழுதப்படுது மாமா. டிஸ்க் ரொம்ப மெதுவு, அதனால லினக்ஸ் 'எழுதிட்டேன்'னு சொல்லிட்டு, ரேம்ல வச்சிருந்து அப்புறமா டிஸ்க்குக்கு அனுப்பும். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை எழுந்து பாக்கும், முப்பது செகண்டைத் தாண்டின டேட்டாவை டிஸ்க்குக்குத் தள்ளும். யாரும் அவசரமா கேக்கலைன்னா அதுதான் வழக்கம். அங்க போயும் டிஸ்க்குக்குள்ளயே ஒரு குட்டி மெமரி இருக்கு, அதுலயும் கொஞ்ச நேரம் நிக்கும்.

"சீட்டுல குறிச்சு வச்சது, நோட்டுல ஏத்தலை. அப்படிச் சொல்லேன்."

அப்படித்தான். ரெக்கார்ட் நோட்டுல எழுதறதை விட இது தெளிவா இருந்தது.

பழைய யூனிக்ஸ் ஆளுங்க மெஷினை நிறுத்தறதுக்கு முன்னாடி 'சிங்க்'னு மூணு தடவை டைப் பண்ணுவாங்களாம். அந்தக் கமாண்டோட வேலையே சீட்டுல இருக்கறதை நோட்டுல ஏத்துன்னு சொல்றதுதான். ஒரு தடவை அடிச்சா போதாதான்னு கேட்டா, மூணு தடவை அடிக்க ஆகற நேரத்துல டிஸ்க் வேலையை முடிச்சிடும்னு பதில் சொல்வாங்களாம்.

இப்போ நான் வெட்கப்பட வேண்டிய பகுதிக்கு வரேன். சனிக்கிழமை போனது புயலால. ஆனா மத்த நாள்ல எப்படி ஆஃப் பண்ணுவீங்கன்னு கேட்டேன். மாமா ரொம்ப இயல்பா, "சுவத்துல ஸ்விட்ச் இருக்கே, அதை அணைச்சிடுவேன்"னார்.

எவ்வளவு நாளா? ஜூன்ல இருந்து.

நான் ஷட்டவுன் பண்ணச் சொல்லித் தந்திருந்தேன். அவரும் ரெண்டு வாரம் பண்ணியிருக்கார். ஒவ்வொரு தடவையும் 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்'னு வந்து, ஒன்றரை நிமிஷம் எண்ணிட்டு நிக்குமாம். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு நிக்கிற மனுஷனுக்கு ஒன்றரை நிமிஷம் ஒன்றரை மணி நேரம். ஸ்விட்ச்சை அணைச்சார். காலையில வந்து பாத்தா எல்லாம் ஓடுது. அடுத்த நாளும் அணைச்சார்.

அந்த ஒன்றரை நிமிஷம் எங்கிருந்து வந்ததுன்னு தோண்டினேன். சிஸ்டம்டி எந்த சர்வீஸை நிறுத்தும்போதும் முதல்ல சிக்டெர்ம் அனுப்பும், அதாவது 'கிளம்புங்க'ன்னு மரியாதையாச் சொல்லும். 90 செகண்ட் பொறுக்கும். அப்புறமும் போகலைன்னா சிக்கில், கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும். யாரு 90 செகண்ட் போகாம உக்காந்திருந்ததுன்னு பாத்தா, நான் எழுதின பேக்கப் ஸ்கிரிப்ட். நடுவுல நிக்கக் கூடாதுன்னு இன்டர்நெட்ல எங்கேயோ பாத்து, சிக்டெர்ம் வந்தா கண்டுக்காதேன்னு ஒரு வரி போட்டிருந்தேன். சரியா ஒரே ஒரு வரி. அந்த வரியாலதான் மாமா ஷட்டவுனை விட்டுட்டு ஸ்விட்ச்சுக்குப் போனார். அதுவும் அந்த ஸ்கிரிப்ட் ஃபோட்டோ ஃபோல்டருக்குள்ளயே உக்காந்திருந்தது. ஒரு ப்ராசஸ் உள்ள இருக்கிற வரைக்கும் அந்த ஃபைல் சிஸ்டத்தை யூமவுன்ட் பண்ண முடியாது, 'டார்கெட் இஸ் பிஸி'ன்னு வரும். அந்தக் கமாண்ட் பேர் யூமவுன்ட்தான், அன்மவுன்ட் இல்ல. அந்த 'என்' எங்க போச்சுன்னு தெரியாம ஃபர்ஸ்ட் இயர் லேப்ல பத்து நிமிஷம் முழிச்சவன் நான்.

ஆறு மாசம் ஸ்விட்ச்சை அணைச்சும் ஏன் ஒண்ணும் ஆகலைங்கறதுக்கும் காரணம் கிடைச்சது. எம்டி ட்ரைவர் எதையாவது எழுதப் போறதுக்கு முன்னாடி டிஸ்க்ல 'டர்ட்டி'ன்னு ஒரு கொடி வைக்கும். எழுதி முடிச்சு 0.2 செகண்ட் வேற எழுத்தே இல்லைன்னா கொடியை இறக்கி 'க்ளீன்'னு போட்டுக்கும். மாமா அணைக்கிற நேரத்துல பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதிட்டு இருக்கல. ஒவ்வொரு ராத்திரியும் அந்த 0.2 செகண்ட் இடைவெளியில அதிர்ஷ்டம் ஓடியிருக்கு. எப்பவாவது மாட்டியிருந்தாலும், மூணு டிஸ்க்கும் இருந்தவரைக்கும் காலையில அதுவே கூட்டலைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தியிருக்கும். கேபிள் கழண்ட பிறகுதான் அந்த அதிர்ஷ்டத்துக்கு விலை ஏறினது.

ஒழுங்கா ஷட்டவுன் பண்ணா என்ன நடக்கும்னு அப்புறம் உக்காந்து படிச்சேன். எனக்குப் புரிஞ்ச ஒரே உவமை மாமா கடை சாத்தறதுதான். முதல்ல கஸ்டமரை அனுப்பணும், அதான் சர்வீஸை நிறுத்தறது, திறந்த வரிசைக்குத் தலைகீழா. அப்புறம் அன்னிக்குக் கணக்கை நோட்டுல ஏத்தணும், அது சிங்க். அப்புறம் உள் ரூமைப் பூட்டணும், யூமவுன்ட். ரூம் பூட்டின பிறகுதான் அதுக்குக் கீழ இருக்கிற அரேயை நிறுத்த முடியும். மேல ஃபைல் சிஸ்டம் ஏறி உக்காந்திருக்கும்போது கீழ அரேயை இழுத்தா விடாது. கடைசியா டிஸ்க் தன் குட்டி மெமரியில இருக்கறதையும் எழுதிட்டு, சுத்தறதை நிறுத்தும். அதுக்கப்புறம்தான் பவர் ஆஃப்.

இதுல ஒரு அழகான சிக்கல் இருக்கு. ஓஎஸ்ஸே ஒரு ரெய்டு அரே மேலதான் இருக்கு, எங்க பொட்டி மாதிரி. அந்த அரேயை நிறுத்தற புரோகிராமும் அந்த அரே மேலதான் இருக்கு. உக்காந்திருக்கிற பாயை எப்படிச் சுருட்டறது? சில டிஸ்ட்ரோவுல டிராகட்டுனு ஒண்ணு இதைப் பாத்துக்கும். பூட் ஆகும்போது முதல்ல வர்ற இனிட்ராம்எஃப்எஸ்ங்கிற குட்டி சிஸ்டம் ரேம்லயே இருக்குமில்ல, ஷட்டவுன் கடைசியில திரும்ப அதுக்குள்ள குதிச்சு, வெளிய நின்னுட்டு ரூட்டை யூமவுன்ட் பண்ணி, அரேயை நிறுத்தும். ஃபைனல்ஆர்டின்னு ஒரு பேக்கேஜும் இதே வேலைக்கு இருக்கு. எங்க பொட்டியில ரெண்டுமே இல்ல. அதனால ரூட்டை ரீட் ஒன்லியா மாத்திட்டு, ஒரு அரே மட்டும் நிக்கலைன்னு ஸ்கிரீன்ல புலம்பிட்டு ஆஃப் ஆகும். ஆனா கெர்னல் போற போக்குல அதுக்கும் 'க்ளீன்'னு கொடி போட்டுட்டுத்தான் போகும். எழுத்து எதுவும் ஓடலைன்னா ஆபத்து இல்ல.

மாமா அந்த வரியைப் பாத்து பயந்து இன்னொரு ஃபோட்டோ அனுப்பினார். ஃபோன்லயே விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "கடைக்குள்ள நின்னுட்டு வெளிப்பூட்டு போட முடியாது, அவ்வளவுதானே? அதுக்கு ஏன்டா இவ்வளவு பெரிய இங்கிலீஷ்"னார்.

ஃப்ரேம் வியாழக்கிழமை சாயங்காலம் ரெடி. பெரியவரோட பையன் வந்து வாங்கிட்டுப் போனார். அவங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னு அப்போதான் வடிஞ்சிருந்தது, சுவத்துல இருந்த பழைய படமெல்லாம் ஊறிப்போச்சாம். காதுகுத்து ஃபோட்டோ மொத்தத்தையும் ஒரு பென் டிரைவ்ல கேட்டார். மாமா காசு வாங்கல. சாம்பலாப் போன ரெண்டு பந்திப் படத்தை மட்டும் எடுத்துட்டுக் கொடுத்தோம்.

மூணாவது டிஸ்க்கை அதுக்கப்புறம்தான் திரும்பச் சேர்த்தேன். முழுக்கக் கட்ட ஏழு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ஸ்கிரிப்ட் வரியை எடுத்தேன், இப்போ ஷட்டவுன் பத்துப் பன்னிரண்டு செகண்ட்ல முடியுது. மெயில் என் ஃபோனுக்கு வருது. பேக்கப் தனியா ஒரு டிஸ்க்ல, மாமா வீட்டுல. பொட்டிக்கு மட்டும் யூஎஸ்பி கேபிள் இருக்கிற ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போட்டிருக்கேன். பேட்டரி குறைஞ்சா யாரும் சொல்லாமலே ஷட்டவுன் ஆகும். ஜனவரியில டெஸ்ட் பண்ணப்போ, சுவத்துல பிளக்கைப் பிடுங்கற வேலையை மாமாவே கேட்டு வாங்கிக்கிட்டார். ஆறு மாசப் பழக்கமாச்சே. முதல் தடவை ஷட்டவுன் ஆகல, கான்ஃபிக்ல ஒரு எழுத்துப் பிழை. அதுக்குத்தான் டெஸ்ட். ரெண்டாவது தடவை ஆச்சு.

போன மாசம் போனப்போ அந்தப் பழைய டைரியைப் பார்த்தேன். எந்த டிஸ்க்ல எந்தக் கல்யாணம்னு எழுதின பக்கத்துக்கெல்லாம் குறுக்குக் கோடு போட்டிருந்தார். கடைசிப் பக்கத்துல 'பொட்டி அணைக்க'ன்னு தலைப்பு. போட்டோஷாப் மூடவும். ஷட்டவுன் கொடுக்கவும். ஒரு அரே பிஸி என்று வந்தால் பயப்பட வேண்டாம். இதெல்லாம் நான் சொன்னது. கீழ இன்னொரு வரி இருந்தது, அதை நான் சொல்லல, அவரே சேர்த்துக்கிட்டது: 'ஸ்கிரீன் கறுப்பானதும் பத்து எண்ணவும், பிறகு ஸ்விட்ச்.'